யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு முன்: குறைந்த பணத்தில் பழைய சொகுசு கார் வாங்க ஒரு வழிகாட்டி

15 வருடப் பழைய மெர்சிடிஸ் எஸ்-கிளாஸின் கதவை ஒருமுறை சாத்திப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. அறைந்து சாத்த வேண்டியதில்லை. லேசாகத் தள்ளினால் போதும், 'தொம்' என்ற அடங்கிய சத்தத்தோடு பொருந்திக்கொள்ளும். தெருச் சத்தம் அத்தனையும் வெளியே நின்றுவிடும். பிறகு விற்பவர் விலையைச் சொல்வார். புதிதாக ஒரு சின்ன கார் வாங்கும் பணத்தில் பாதிகூட வராது. 'இவ்வளவுதானா?' என்று மனசு துள்ளும்.

அந்த ஆசையில் தப்பே இல்லை. ஒழுங்காக வைத்திருந்த பழைய சொகுசு கார் தரும் சுகத்தை, அதே பணத்துக்குக் கிடைக்கும் வேறு எந்த வண்டியும் தராது. ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். உதிரி பாகங்களின் விலை இறங்கவில்லை. வேலை செய்ய ஆகும் நேரமும் குறையவில்லை. அந்த விலையெல்லாம் வண்டியைப் புதிதாக வாங்கியவரின் வசதிக்கு ஏற்ப வைத்தது. யானை சும்மா கிடைத்தாலும் தீனி யானைத் தீனிதான்.

குறைந்த பணத்தோடு இறங்குபவர் தேட வேண்டியது, முன்னால் வைத்திருந்தவர் மனம் கோணாமல் செலவு செய்த வண்டியை. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். சொந்தமாக இரண்டு வாங்கியதிலும், நண்பர்களுக்காக இருபதுக்கும் மேல் போய்ப் பார்த்ததிலும் கற்றுக்கொண்டது இது.

1. முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் இருப்பதை மூன்று பங்காகப் பிரியுங்கள். இரண்டு பங்குக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மூன்றாவது பங்கு முதல் வருடச் செலவுக்கு. டயர், பேட்டரி, பிரேக், சஸ்பென்ஷன் ஆர்ம், எல்லா ஆயில்களும் என்று அந்த ஒரு வருடத்தில் ஏதாவது வந்தே தீரும். கடன் வாங்கித்தான் இப்படி ஒரு வண்டி வாங்க முடியும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். மாதத் தவணையும் கட்டிக்கொண்டு கம்ப்ரஸரும் வாங்குவது யாரையும் நசுக்கிவிடும்.

ஒரு மாடலில் மனசு நின்றுவிட்டதா? வண்டியைப் பார்க்கப் போகும் முன், அந்த மாடலுக்குச் சில சாமான்களின் விலையை விசாரியுங்கள்: ஒரு ஹெட்லைட் முழுசாக, ஒரு முன்பக்க ஷாக் அப்ஸார்பர் அல்லது ஏர் ஸ்பிரிங் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் இருக்கும் காற்றுப் பை), நான்கு டயர், முன் பிரேக் டிஸ்க்கும் பேடும், வாட்டர் பம்ப், ஒரு சாவி. ஆமாம், சாவியும்தான். ரிமோட்டோடு கூடிய சாவியை வண்டிக்கு ஏற்பப் புரோகிராம் செய்ய வேண்டும். அது தொலைந்தால் ஆகும் செலவு பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். இந்த விலைகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கினால் அந்த மாடல் உங்களுக்கானது இல்லை. ஒரு படி கீழே உள்ளதைப் பாருங்கள்.

இன்னொன்று, போய்வரும் தூரத்தில் அந்தப் பிராண்டை அறிந்த தனி மெக்கானிக் ஒருவர் இருக்கிறாரா என்று இப்போதே தேடுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரை மட்டுமே நம்பிப் பழைய சொகுசு காரை வைத்துக்கொள்வது குறைந்த பணம் உள்ளவருக்குக் கட்டுப்படியாகாது. ஆள் கிடைக்கவில்லை என்றால் மாடலை மாற்றுங்கள்.

2. பேரைப் பார்க்காமல் எஞ்சினைப் பாருங்கள்

'மெர்சிடிஸ் நல்லதா, பி.எம்.டபிள்யூ நல்லதா' என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. ஒரே உடம்பு, ஒரே வருடம், இரண்டு எஞ்சின். ஒன்று பத்து வருடம் உழைக்கும், இன்னொன்று குடும்பத்தையே உலுக்கும். விசாரிக்க வேண்டியது எஞ்சின் குறியீட்டை, அதாவது தயாரிப்பாளர் அந்த எஞ்சின் வகைக்கு வைத்த எழுத்தையும் எண்ணையும்.

மெர்சிடிஸில் 1990-களின் கடைசியில் வந்த எம்113 என்ற வி8 (8 சிலிண்டர்) எஞ்சின் நல்ல உழைப்பாளி. ஒரு சிலிண்டருக்கு 3 வால்வு, 2 ஸ்பார்க் பிளக், டர்போ கிடையாது. எளிமையான அமைப்பு. பிளக் மொத்தம் 16 என்பதை மட்டும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அதே எஸ்-கிளாஸில் இரட்டை டர்போ வி12 ஒன்றும் உண்டு. அதற்கு 24 பிளக், கூடவே பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் விலை உயர்ந்த காயில் பேக் இரண்டு. விற்பனைக்கு வரும்போது இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில நேரம் மிகச் சின்னதாக இருக்கும். 12 சிலிண்டர் என்ற பெருமையில் கையை வைத்துவிடாதீர்கள். 2004-ல் வந்த எம்272 வி6-ஐ எடுத்துக்கொண்டால், ஆரம்ப வருடங்களில் செய்த பல எஞ்சின்களில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பற்சக்கரம் காலத்துக்கு முன்பே தேய்கிறது. மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். அந்த வேலை முடிந்ததற்கான பில்லைக் காட்டினால் தாராளமாக வாங்கலாம்.

பி.எம்.டபிள்யூவில் டர்போ இல்லாத 6 சிலிண்டர் என்52 புதியவர்களுக்கு ஏற்றது. வால்வ் கவர் கேஸ்கட்டில் ஆயில் கசியும், எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். இரண்டும் எதிர்பார்த்து மாற்றக்கூடியவை. 2008-ல் வந்த என்63 வி8 வேறு ரகம். அதன் டர்போக்கள் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டில் சீலும் ஹோஸும் வெந்துபோகும், ஆயிலும் குடிக்கும். ஆரம்ப வருட என்63 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் முதல் வண்டியாக வேண்டாம். என்47 டீசலில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 2007 முதல் 2011 வரை வந்தவற்றில் செயின் தேய்ந்து அறுந்த கதைகள் நிறைய. ஆடியின் பழைய எஸ்4-ல் இருந்த 4.2 லிட்டர் வி8-க்கும் செயின் பின்பக்கம்தான். அதைத் தொட எஞ்சினை இறக்க வேண்டும்.

போர்ஷே கயென் முதல் தலைமுறை வி8-ல் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் குழாய்கள் எஞ்சினின் நடுப்பள்ளத்தில் பிளாஸ்டிக்கால் செய்தவை. வருடக்கணக்கில் சூடேறி ஆறி விரிசல் விடும். அலுமினியக் குழாய் போட்டால் தொல்லை தீர்ந்தது. ஏற்கெனவே போட்டிருக்கும் வண்டி, போடாத வண்டியைவிட எவ்வளவோ மேல், கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும். இந்த ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டால் எல்லா மாடலுக்கும் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிடும்: இந்த எஞ்சினுக்குப் பேர்போன பழுது எது, அது இந்த வண்டியில் சரிசெய்யப்பட்டுவிட்டதா?

தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு லெக்சஸ் எல்எஸ். 1989-ல் வந்த எல்எஸ்400-ம், அதன் பிறகு 2000 முதல் 2006 வரை வந்த எல்எஸ்430-ம் பழைய சொகுசு கார்களில் தனி ஜாதி. செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் இருக்கும். அது எப்போது மாற்றப்பட்டது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுவதுதான் வழக்கம். ஓட்டும்போது ஜெர்மன் கார்களின் இறுக்கம் இருக்காது என்பவர்கள் உண்டு. குறைந்த பணத்தில் நான் இன்றைக்கு வாங்குவதானால் ஏர் சஸ்பென்ஷன் இல்லாத எல்எஸ்430-ஐத்தான் தேடுவேன்.

எஞ்சினுக்கு அடுத்து ஏர் சஸ்பென்ஷன். எஸ்-கிளாஸ், ஆடி ஏ8, ரேஞ்ச் ரோவர், ஜாகுவார் எக்ஸ்ஜே என்று மேல்தட்டு வண்டிகள் பலவற்றில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் இருக்கும். ரப்பர் ஆயுசுள்ள பொருள்தானே, பத்து வருடத்தில் வெடிப்பு விடும். சின்னக் கசிவு இருந்தால் காற்றடைக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதைச் சமாளிக்கும். கடைசியில் அதுவும் கருகும். ஆரம்பத்திலேயே பையை மாற்றியிருந்தால் ஒரு செலவு, விட்டுவிட்டால் இரண்டு.

3. கிளம்பும் முன் ஒரு போன்

எத்தனை வருடமாக வைத்திருக்கிறார், கடைசி இரண்டு வருடத்தில் என்ன வேலை செய்தார், பில் இருக்கிறதா, சாவி இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலைவிடப் பதில் வரும் விதத்தைக் கவனியுங்கள். வண்டியை நேசித்து வைத்திருந்தவர் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்: "போன வருஷம் பின்னாடி கண்ட்ரோல் ஆர்ம் ரெண்டும் மாத்தினேன் சார், முன்னாடி இன்னும் பாக்கி." இப்படிப் பேசுபவர் வண்டியை உடனே போய்ப் பார்க்கலாம். "எல்லாம் பக்காவா இருக்கு, வந்து பாருங்க" என்பதோடு நிறுத்துபவர் வண்டியை அவசரப்பட வேண்டாம்.

சேஸிஸ் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். 17 எழுத்து-எண்கள் இருக்கும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது; ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம். அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் ரீகால் (குறையுள்ள பாகத்தை மாற்றித் தரத் தயாரிப்பாளர் வண்டியைத் திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்று பார்க்கலாம். டகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக்குகளுக்கான ரீகால் பல சொகுசு பிராண்டுகளையும் தொட்டது. அது பாக்கி என்றால் ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் தெறிக்கும் ஆபத்து உண்டு. இதை அலட்சியப்படுத்தவே கூடாது. மாற்றுவதும் இலவசம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோளையும் சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க."

4. பில்களைப் படியுங்கள்

சர்வீஸ் புத்தகத்தில் விழுந்த முத்திரைகளைவிடப் பில்கள் நம்பகமானவை. தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும் கிலோமீட்டரைப் பாருங்கள். ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் இறங்கினால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். பில் இல்லாவிட்டால் வண்டியே சாட்சி சொல்லும். 70,000 கி.மீ. ஓடியதாகச் சொல்லும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்காது, ஸ்டீயரிங்கின் தோல் கண்ணாடி போல மின்னாது, டிரைவர் இருக்கையின் வெளி விளிம்பு நைந்திருக்காது. பல ஜெர்மன் கார்களில் கிலோமீட்டர் ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளில் பதிவாகியிருக்கும். பிராண்டுக்கான ஸ்கேனர் வைத்திருப்பவர் ஒப்பிட்டுச் சொல்வார்.

குறைவாக ஓடியது என்பதே நல்லதற்கு அடையாளம் என்று நினைக்காதீர்கள். 15 வருடத்தில் 40,000 கி.மீ. மட்டும் ஓடிய வண்டி பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்த வண்டி. சீல் காய்ந்திருக்கும், பெல்ட் வயதாகியிருக்கும், பிரேக் ஆயில் ஈரம் இழுத்திருக்கும். டயரில் நிறையப் பட்டை மிச்சம் இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம் செய்தது. அந்த டயரில் நான் குடும்பத்தை ஏற்ற மாட்டேன். வருடம் 10,000, 12,000 என்று ஓடி, ஒவ்வொரு வருடமும் ஆயில் மாற்றிய வண்டிக்கே என் ஓட்டு.

உரிமையாளர் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, வண்டியின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் இங்கேயே முடித்துவிடுங்கள். இதில் சின்னச் சந்தேகம் இருந்தாலும் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

5. ஆறிய வண்டியைப் பாருங்கள்

போனதும் முதல் வேலை, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பது. நண்பர் ஒருவருக்காகக் கறுப்பு நிறப் பெரிய செடான் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். ஸ்டார்ட் செய்யவே இல்லை என்றார் விற்பவர். கையை வைத்தால் இளஞ்சூடு. அன்று வெயிலும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி போனோம். சாவியைத் திருப்பியதும் எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து 'கடகட'வென்று, சில்லறைக் காசு நிறைந்த தகர டப்பாவைக் குலுக்குவது போல ஒரு சத்தம். நான்கு விநாடி. பிறகு வழுவழுவென்று ஓடியது. டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்துக்காகக் காத்திருக்கும் சத்தம் அது. எஞ்சின் சூடாக இருந்த முந்தின நாள் அது கேட்கவே இல்லை. அந்த நான்கு விநாடிதான் என் நண்பரைக் காப்பாற்றியது.

ஸ்டார்ட் செய்யும் முன் வண்டியைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். இரவு முழுக்க நின்ற ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தப் பை கசிகிறது. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் முனகி அதைத் தூக்கிவிடும். அப்புறம் எதுவும் தெரியாது. ஆகவே இதை முதலில் பாருங்கள்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. குளிர் காலையில் கொஞ்சம் வெள்ளை நீராவி இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பலாம்.

அடுத்தது தரைவிரிப்பு. இதை யாரும் செய்வதில்லை, நானும் என் முதல் வண்டியில் செய்யவில்லை. சன்ரூஃப் உள்ள காரில் மழைத்தண்ணீர் வடிய மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்கள் வழியாகக் கீழே இறங்கும். இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். கூரைத் துணி வழியாக ஒழுகினால் கண்ணில் படும். சத்தமில்லாமல் தரைவிரிப்புக்குக் கீழே போய்த் தேங்கினால்தான் ஆபத்து. அந்த விரிப்பு இரண்டு அங்குலப் பஞ்சு. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் குளமாக இருக்கும். சொகுசு கார்களில் பலவற்றின் கணினிப் பெட்டிகள் அந்த விரிப்புக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. என் வண்டியில் ஒரு மழைக்காலத்தில் முதலில் பார்க்கிங் சென்சார் போனது, பிறகு ரேடியோ, ஒரு காலையில் ஸ்டார்ட் ஆகவே இல்லை. விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது கனெக்டர்கள் பச்சை பூத்திருந்தன. வண்டிக்குக் கொடுத்ததில் நான்கில் ஒரு பங்கு அந்தப் பெட்டிக்கும் ஒயரிங்குக்கும் போனது. முன் இருக்கைகளுக்கு முன்னால் உள்ள மிதியடியை எடுத்துவிட்டு, விரிப்பில் முஷ்டியை அழுத்தி ஊன்றிப் பாருங்கள். ஈரமோ முடை நாற்றமோ வந்தால் காரணம் தெரியாமல் காசு கொடுக்காதீர்கள். டிக்கியில் ஸ்பேர் டயரைத் தூக்கி அடியிலும் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரிகிறதா? தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி.

துருவைப் பொறுத்தவரை 1990-களின் பிற்பாதி, 2000-களின் தொடக்க மெர்சிடிஸ்களில் சக்கர வளைவின் உள்விளிம்பையும் கதவின் அடி விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். 2003-க்குப் பிந்தைய ஜாகுவார் எக்ஸ்ஜேயின் உடம்பு அலுமினியம். இரும்பு போல அரிக்காது, ஆனால் அடிபட்டால் தட்டி எடுக்கத் தெரிந்தவர் கிடைப்பது கடினம்.

பிறகு உள்ளே உட்கார்ந்து எல்லாப் பொத்தானையும் அழுத்துங்கள். நான்கு ஜன்னல், எல்லா இருக்கை மோட்டார், ஏசி, கண்ணாடி மடிப்பு, ரிவர்ஸ் கேமரா. சங்கடப்படாதீர்கள். அரை மணி ஆனாலும் சரி.

இங்கே ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியில் செருகிப் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) கைகொடுக்கும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இதற்கான பொது இணைப்பு கட்டாயம். எரர் கோடு எதுவும் இல்லை என்று காட்டியதும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். 'ரெடினெஸ்' என்ற பக்கத்தைத் திறங்கள். எஞ்சினின் பல பாகங்களைக் கணினி தானே சோதித்து முடித்ததா என்று அதில் வரும். கோடுகளை அழித்தால் இந்தச் சோதனைகளும் அழிந்துபோகும். மறுபடி முடிய விதவிதமான வேகத்தில் பல கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆகவே கோடு ஒன்றும் இல்லை, ஆனால் பாதிச் சோதனை முடியவில்லை என்றால், பேட்டரியைச் சமீபத்தில் கழற்றியிருக்க வேண்டும், அல்லது நீங்கள் வருவதற்கு முன் எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கிறார்கள். எதற்காக என்று நேராகக் கேளுங்கள். சாவியை ஆன் செய்ததும் எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையே எடுத்திருக்கலாம்.

6. ஓட்டிப் பாருங்கள்

தெருமுனைவரை போய்த் திரும்புவதில் பயனில்லை. முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். நெரிசலிலும், மேடு பள்ளத்திலும், வேகச் சாலையிலும். முதல் பத்து நிமிடம் ரேடியோவை அணைத்துவிட்டுக் காதை மட்டும் திறந்து வையுங்கள்.

கியர்பாக்ஸ்தான் இங்கே முக்கியம். பி-யிலிருந்து ஆர்-க்கும் டி-க்கும் மாற்றும்போது ஒரு விநாடிக்குள், உதைக்காமல் பிடிக்க வேண்டும். 60-80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரைத் தடவுகிற மாதிரி லேசாக அழுத்துங்கள். கரடுமுரடான சாலையில் போவது போல ஒரு நடுக்கம் வந்தால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் கோளாறு. 'இந்த கியர்பாக்ஸுக்கு ஆயில் மாற்றவே வேண்டாம், ஆயுள் முழுக்க வரும்' என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். பி.எம்.டபிள்யூ, ஆடி, ஜாகுவார் என்று பலருக்கும் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது.

ஓட்டி முடித்து வந்ததும் அணைக்காமல் ஐந்து நிமிடம் சும்மா ஓட விடுங்கள். பிறகு ஒரே ஒருமுறை ஆக்சிலரேட்டரை அழுத்தி, பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லிப் பாருங்கள். நீலப் புகை மேகமாக எழுந்தால் வால்வ் சீல் போய்விட்டது. 2000-களின் பி.எம்.டபிள்யூ வி8-களில் இது வழக்கமான வியாதி.

2000-களின் தொடக்கத்தில் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சேதி. 2006 வரை அதில் எஸ்பிசி என்ற எலெக்ட்ரானிக் பிரேக் முறை இருந்தது. எத்தனை முறை பிரேக் மிதித்தோம் என்று பம்பே கணக்கு வைத்து, வரம்பைத் தாண்டியதும் எச்சரிக்கை காட்டும். பம்ப் மாற்றியாகிவிட்டதா என்று கேளுங்கள், அல்லது அதற்கு அடுத்த வருட மாடலைப் பாருங்கள்.

7. லிஃப்டில் ஏற்றுங்கள்

இவ்வளவும் தேறிய பிறகுதான் காசு கொடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். பிராண்டைத் தெரிந்தவராக இருக்கட்டும், விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. அடிப்பக்கக் கவசத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்; கசிவெல்லாம் அதற்கு மேல்தான் ஒளிந்திருக்கும். சஸ்பென்ஷன் புஷ்களைக் கம்பி வைத்து நெம்பிப் பார்ப்பார். பிராண்டுக்கான ஸ்கேனரால் எல்லாக் கணினிகளையும் படிப்பார். இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லையா, பேச்சு அங்கேயே முடிந்தது. எந்தக் காரணம் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

8. விலை பேசுவது

மெக்கானிக் சொன்ன ஒவ்வொரு வேலைக்கும் எதிரே செலவை எழுதி, அந்தத் தாளை விற்பவரிடமே காட்டுங்கள். வண்டியைக் குறை சொல்லாதீர்கள், கணக்கைச் சொல்லுங்கள். நன்றாக வைத்திருந்த வண்டிக்கு ஊர் விலையைவிடக் கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுங்கள். விட்டுவிட்டு மலிவானதை வாங்குபவர்கள் அந்த வித்தியாசத்தை ஆறு மாதத்தில் பட்டறையில் கொட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

9. முதல் மாதம்

எடுத்ததும் வேகமாக ஓட்டிப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். முன்னவர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள். இன்றைய தேதியிலிருந்து உங்கள் கணக்கு தொடங்கட்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் இந்த வண்டிகளில் சம்பந்தமே இல்லாத பத்து எச்சரிக்கைகள் வரும். அதனால் ஏதாவது விளக்கு எரிந்தால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். பி.எம்.டபிள்யூ போன்றவற்றில் புதிய பேட்டரி போட்டதை வண்டியின் கணினியிலும் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்குப் போல சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.

உதிரி பாகங்களில் பணத்தை மிச்சம் பிடிக்க வழி உண்டு. கார் கம்பெனிக்குச் சஸ்பென்ஷன் ஆர்ம் செய்து கொடுக்கும் லெம்ஃபோர்டர், ஃபில்டர் செய்யும் மாலே, சென்சார் செய்யும் பாஷ் போன்றவர்கள் அதே ரகச் சாமானைத் தங்கள் பெட்டியிலும் விற்கிறார்கள். கார் கம்பெனியின் முத்திரை இல்லாததால் விலை இறங்கும். கண்ணாடி, கைப்பிடி, இருக்கை, மரப் பலகை ஆகியவற்றை பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடங்களில் பழையதாகவே வாங்கலாம். ரப்பர் சாமான், பிரேக், ஏர் ஸ்பிரிங் மூன்றையும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள்.

சன்ரூஃப் இருந்தால் அதைத் திறந்து, முன் மூலையில் உள்ள துளையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள். சில விநாடிகளில் முன் சக்கரத்தின் பக்கம் சொட்ட வேண்டும். நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக இப்படிச் செய்யுங்கள். ஏதாவது ஒன்றில் தண்ணீர் தேங்கி நின்றால் மேற்கொண்டு ஊற்றாமல், அடுத்த மழைக்கு முன் அந்தக் குழாயைச் சுத்தம் செய்துவிடுங்கள்.